எண்ணிக்கைக்கு வந்தவர்கள்

ஒரு கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தால் போதும், வாய் திறக்க வேண்டியதில்லை என்று இன்னொருவரிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது? அந்தக் கூட்டம் தவறாக முடிந்தால் அவருடைய வீட்டுக்குள் தண்ணீர் புகும், என் வீட்டுக்குள் ஒரு சொட்டும் வராது என்பது தெரிந்திருந்தும் அப்படிச் சொன்னேன். அதைப் பல முறை சொன்னேன், சிரித்த முகத்தோடு சொன்னேன், நல்ல காரியம் செய்கிறேன் என்ற நிறைவோடு சொன்னேன்.

எங்கள் ஊர் அவிநாசியிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. சமூகப்பணியில் முதுகலை முடித்த கையோடு கோயம்புத்தூர் காந்திபுரத்தை அடுத்த ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் பேருந்தில் போய்ப் பொழுதோடு திரும்புவேன். சட்டங்களையும் விதிகளையும் மக்களிடம் கொண்டுசேர்ப்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. சொந்த ஊரில் அதைச் செய்ய வேண்டி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

என் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், தன் பங்கான மானாவாரி மேட்டுக்காட்டு நிலத்தை ஒரு மனை விற்பனை நிறுவனத்துக்கு விற்றார். அதில் எனக்கு மறுப்பு எதுவும் இருக்கவில்லை. மழை பொய்த்த மண்ணில் சோளம் விதைத்துச் சலித்தவர் விற்பதைக் குறை சொல்ல, மாதச் சம்பளம் வாங்கும் எனக்குத் தகுதி இல்லை. கோயம்புத்தூரில் படித்த காலத்தில் ஒரே அறையில் நான்கு பேராகத் தங்கியிருந்தவள் நான். வீடு இல்லாதவர்கள் எங்காவது வீடு கட்டிக்கொள்ளத்தான் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

சிக்கல் வழியில் இருந்தது. அந்தக் காட்டுக்குப் போகும் ஒரே பாதை ஓர் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி வளர்ந்த, ஒரு மாட்டுவண்டி மட்டும் போகும் அகலமுள்ள பொதுத்தடம். அதை ஒட்டியே ஒரு பள்ளம் ஓடுகிறது. மேட்டுக்காடுகளில் பெய்யும் மழைநீர் முழுவதும் அந்தப் பள்ளத்தில் இறங்கி, கீழ வளவின் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு குட்டைக்குப் போய்ச் சேரும். கீழ வளவு என்பது இரண்டு வரிசைத் தொகுப்பு வீடுகள். எங்கள் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்களுக்கு அரசு கட்டிக்கொடுத்தவை. ஊரிலேயே தாழ்வான இடம் அதுதான். அவர்களுக்கு வீடு கட்ட ஏன் அந்த இடம் கொடுக்கப்பட்டது என்பதை இங்கே விளக்க வேண்டிய அவசியம் இல்லை.

மனைப்பிரிவுக்கு அனுமதி கிடைக்க வேண்டுமானால் அதற்குப் போகும் சாலை குறிப்பிட்ட அகலம் இருக்க வேண்டும். இட்டேரி மட்டும் போதாது. இட்டேரியையும் பள்ளத்தையும் சேர்த்து அளந்தால் அகலம் சரியாக வந்தது. யாரோ முன்கூட்டியே அளந்திருந்தார்கள். பள்ளத்தை மூடிச் சாலை போட ஊராட்சி ஒரு தீர்மானம் நிறைவேற்றித் தந்தால் வேலை முடிந்துவிடும்.

இந்தச் செய்தி எனக்குக் கீழ வளவில் இருக்கும் ஓர் அக்காவிடமிருந்து வந்தது. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை செய்பவர். கம்பெனி வேனுக்காகக் காலையில் அவரும், பேருந்துக்காக நானும் ஒரே நிறுத்தத்தில் நிற்போம். அவருடைய கணவருக்குப் பெரியப்பாவின் தோட்டத்தில் மாடு பார்க்கும் வேலை.

"அம்மணி, உங்க பெரியப்பா சைட்டுக்கு ரோடு வருதாமா. பள்ளத்த மூடறாங்களாமா. மூடிப்போட்டா மழத்தண்ணி எங்கீங்க போகும்? என்ற ஊட்டு வழியா குட்டைக்கு டிக்கெட் எடுத்துப் போகுமுங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அவருடைய வீடு பள்ளம் திரும்பும் முனையில் முதல் வீடு. போன தீபாவளி போனஸில் அந்த வீட்டுக்குத் தரை ஓடு பதித்திருந்தார். புது ஓட்டில் செருப்புக் காலோடு ஏறிய கணவரைத் துரத்திய கதையை நிறுத்தத்தில் நடித்தே காட்டியிருக்கிறார்.

எனக்கு விடை தெரிந்திருந்தது. கிராம சபை. ஊர் மக்கள் கூடித் தங்கள் கருத்தைச் சொல்லும் உரிமையுள்ள சபை. அடுத்த கூட்டம் சுதந்திர தினத்தன்று. மக்கள் திரளாக வந்து அமர்ந்தால் அப்படி ஒரு தீர்மானத்தைக் கொண்டுவரவே ஊராட்சித் தலைவர் தயங்குவார் என்று கணக்குப் போட்டேன். மூன்று வாரம் மாலை வேளைகளில் வீடு வீடாகப் போனேன். எங்கள் தெருவில் எல்லோரும் நல்லபடியாகவே பேசினார்கள்.

"வந்தர்றோம் கண்ணு. பள்ளத்த மூடுனா ஊருக்கே கேடுதான்."

"நீ சொல்லி வராம இருப்பமா? உன்ற அப்பன் மொகத்துக்காச்சும் வருவோம்."

கீழ வளவில் தயங்கினார்கள். ஓடு பதித்த வீட்டின் வாசலில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்துவிட்டு அக்கா நின்றுகொண்டார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நாங்க வந்து என்னங்க பேசறது? இவரு உங்க பெரியப்பா தோட்டத்துல நிக்கறாரு. நான் அங்க எந்திரிச்சு ஒண்ணு பேசிப்போட்டா, அடுத்த நாளு இவரு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாடு அவுக்கப் போவாரு?"

"நீங்க பேச வேண்டாங்க்கா. பேசறத நான் பேசறேன். நீங்க வந்து உக்காந்து கையெழுத்துப் போட்டாப் போதும். எண்ணிக்கைக்கு."

"எண்ணிக்கைக்கா? அப்படின்னா வாரமுங்க. சும்மா உக்கார்றதுக்கு நாங்க கெட்டிக்காரங்க."

வளவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கூட்டம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நடந்தது. எங்கள் ஊரில் அத்தனை பேர் கிராம சபைக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. எங்கள் தெருவினர் நாற்காலியிலும், கீழ வளவினர் பின்னால் விரித்த ஜமுக்காளத்திலும் அமர்ந்தார்கள். யாரும் சொல்லாமலே அப்படி அமைந்தது. அதைப் பார்த்தேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கடந்துபோனேன். ஊராட்சிச் செயலாளர் வருகைப் பதிவேட்டோடு திணறிக்கொண்டிருந்தார். நான் உதவிக்குப் போனேன். எழுதத் தெரியாதவர்களின் பெயர்களை என் கையால் எழுதினேன். மைப்பெட்டியில் அவர்களுடைய பெருவிரலை அழுத்தி, பெயருக்கு நேராகப் பதிய வைத்தேன். அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் அவசரத்தில் எழுத்து கோணிவிடும் என்று கூச்சப்பட்டுக் கைநாட்டே வைத்தார். மை துடைக்க என் கைக்குட்டையைக் கொடுத்தேன். யாரோ போனில் படம் எடுத்தார்கள்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் நாலு பேர் முன்னால் ஒருவரை மறுத்துப் பேச மாட்டோம். கல்யாணப் பேச்சானாலும், வரப்புத் தகராறானாலும், கோயில் கமிட்டியானாலும், சபையில் கேட்டுக்கொண்டு இருப்போம். பிடிக்கவில்லை என்றால் மறுநாள் காலையில் அவருடைய வீட்டுக்குப் போய், காபி குடித்துவிட்டு, வேறு இரண்டு விஷயம் பேசிவிட்டுத்தான் மெல்ல மறுப்பைச் சொல்வோம். அவரும் அதைப் புரிந்துகொண்டு, தானே மனம் மாறியதுபோல விலகிக்கொள்வார். யாருக்கும் முகம் விழாது. வெளியூர்க்காரர்கள் எங்கள் மரியாதை என்று புகழ்வது இதையும் சேர்த்துத்தான். எத்தனையோ சண்டைகளை இது தவிர்த்திருக்கிறது என்று நானும் கல்லூரியில் பெருமையாகப் பேசியிருக்கிறேன்.

தலைவர் இந்த வழக்கத்துக்குள் பிறந்து வளர்ந்தவர். அதன் நீள அகலம் அவருக்கு எங்கள் எல்லோரையும் விட நன்றாகத் தெரிந்திருந்தது.

முதலில் என்னைப் பற்றிப் பேசினார். "நம்மூட்டுப் புள்ள, படிச்ச புள்ள, இத்தன சனத்தக் கூட்டியாந்திருக்குது. அம்மணிக்கு ஒரு கைதட்டுங்க." கைதட்டினார்கள். ஒரு துண்டை எடுத்து என் தோளில் போர்த்தினார். குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை என்று பொருள்கள் ஒவ்வொன்றாகப் போயின. சுண்டலும் டீயும் வர ஆரம்பித்த நேரத்தில் செயலாளர் ஒரு தாளை வாசித்தார். இட்டேரிப் பாதையை ஊர்ப் பொதுமக்களின் நலன் கருதி அகலப்படுத்தித் தார்ச்சாலையாக்குவது. பள்ளம் என்ற சொல்லே அதில் இல்லை.

நான் எழுந்தேன். தோளில் அந்தத் துண்டு இருந்தது. முன்வரிசையில் பெரியப்பா திரும்பிப் பார்த்தார். கோபம் ஏதும் அவர் முகத்தில் இல்லை. குழந்தை மேடை ஏறும்போது பெரியவர்கள் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்.

"இதுல பள்ளத்தையும் சேத்து மூடறாங்க. அது சரியில்லைங்க," என்றேன்.

"ஏனுங் அம்மணி, உங்க பெரியப்பாரு இங்கயேதான உக்காந்திருக்காரு. ஊட்டுப் பேச்ச ஊட்ல பேசிக்கலாமுங்களே," என்றார் தலைவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அதில் பகையோ கேலியோ இல்லாததுதான் என்னை வீழ்த்தியது. "வேற யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லோணுமுங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் நிஜமாகவே காத்திருந்தார். நாற்காலிகள் அமைதியாக இருந்தன. ஜமுக்காளத்தில் அக்கா அரைவாசி எழுந்து, என்னைப் பார்த்து, உட்கார்ந்துகொண்டார். பேசுவது என் வேலை என்று நான்தான் சொல்லியிருந்தேன். நானோ, நாளைக் காலையில் நேரில் போய் எழுத்துமூலமாக மறுப்பைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து உட்கார்ந்துவிட்டேன். விதிகளைப் படித்தவள், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள், அந்த ஒரு நிமிடத்தில் என் ஊர்க்காரியாக மட்டும் இருந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தலைவர் வீட்டுப் போர்ட்டிகோவில் கால் வைத்தபோது எனக்கு முன்பே ஒன்பது பேர் அங்கே இருந்தார்கள். எல்லோரும் நேற்று மௌனமாக இருந்தவர்கள். ஒவ்வொருவரும் ஒரு சாக்கோடு வந்திருந்தார்கள்.

"கன்னுக்குட்டி கழிச்சலா கெடக்குது. மருந்து இருக்குங்களான்னு கேக்கலாம்னு வந்தேனுங்க."

"நான் சும்மா இப்படிக்கா வந்தேனுங்க. வாழத்தாரு அறுக்கறாங்களான்னு பாத்துப்போட்டுப் போலாம்னு."

"உங்க ஊட்லதான் வாழையே இல்லீங்களே மாமா," என்றார் தலைவரின் மனைவி, காபித் தட்டோடு.

"அதான் பாத்தனுங்க, காணமேன்னு."

நாடகம் அரைமணி நேரம் நடந்தது. கன்றுக்குட்டி, வாழைத்தார், கோயில் திருவிழா, மருமகளின் பிரசவம். கடைசியில் கன்றுக்குட்டிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தப் பள்ளத்து விசயந்தானுங்க, வேண்டாமுன்னு தோணுதுங்க" என்றார். மற்ற எட்டுப் பேரும், ஆமாங்க, எங்களுக்கும் அதேதானுங்க என்றார்கள்.

தலைவர் வருத்தப்பட்டார். அவர் முகம் உண்மையிலேயே வாடியதுபோல இருந்தது. "அடடா, நேத்தைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா எழுதாம உட்டிருப்பேனுங்களே. இப்ப தீர்மானப் புத்தகம் நகலெடுத்து நேத்துச் சாயந்தரமே யூனியன் ஆபீசுக்குப் போயிருச்சுங்களே. நீங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டதுதானுங்களே."

"அது வந்ததுக்குப் போட்ட கையெழுத்துங்க," என்றேன்.

"ஆமாங்க அம்மணி. வந்தவிய எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னுதான எழுதோணும். ஒருத்தரும் வேண்டாமுன்னு சொல்லலியே." பிறகு அன்பான குரலில், "ஒண்ணு தெரியுங்களா? இந்தத் தீர்மானம் ரெண்டு கூட்டமா நிக்குதுங்க. ஆளே வராம, எண்ணிக்கை பத்தாம தள்ளித் தள்ளிப் போட்டோம். இந்த வாட்டி உங்க புண்ணியத்துல கூடி வந்துருச்சுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. பின்னர் விண்ணப்பம் போட்டுப் பதிவேட்டைப் பார்த்தேன். முந்தைய இரண்டு கூட்டங்களும் போதிய வருகை இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டிருந்தன. ஊரார் வழக்கம்போல வீட்டிலேயே இருந்திருந்தால் அந்தத் தீர்மானம் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். சட்டம் கேட்ட தலைகளை நான் வீடு வீடாகப் போய்த் திரட்டிக் கொடுத்திருந்தேன். பக்கம் பக்கமாக என் கையெழுத்தில் பெயர்கள், நேராக நீலக் கைரேகைகள், அவற்றின் முடிவில் செயலாளரின் எழுத்தில் 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.' என் எழுத்து அழகாக இருந்தது. 

தலைவர் வீட்டுக்குப் போய் வந்த அன்று மாலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அவிய பூமி, அவிய விக்கறாங்க. நாம என்ன கண்ணு பண்றது?"

"பள்ளம் அவிய பூமி இல்லைங்கப்பா. அது பொறம்போக்கு."

"இருக்கட்டும். தார்ரோடு வந்தா நம்ம காட்டுக்கும் அதுதான வழி." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கேனைக் கவிழ்த்து வைத்தார். இரண்டு நாள் முன்பு புரோக்கர் ஒருவர் வந்து எங்கள் காட்டையும் பார்த்துவிட்டுப் போனதை அம்மா அதற்குப் பிறகுதான் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் மனை விற்பனை நிறுவனத்தின் மேலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தட்டில் ஆப்பிள், வெற்றிலை பாக்கு, மேலே பூமி பூஜை அழைப்பிதழ். "மேடம்தான் முக்கியமா வரணும். உங்க முயற்சி இல்லேன்னா இவ்வளவு சீக்கிரம் ஆகியிருக்காது," என்றார். எந்த ஊர்க்காரரோ, நல்ல உச்சரிப்பு. நான் வாங்க மாட்டேன் என்றேன். வெற்றிலை வைத்த தட்டை மறுப்பது கூடாது என்று அம்மா கை நீட்டி வாங்கிக்கொண்டார். அவர் போன பிறகு ஆப்பிள்களை எடுத்து மாட்டுத் தொட்டியில் போட்டேன். அம்மா அதில் இரண்டைத் திரும்ப எடுத்துக் கழுவிக் குளிர்பெட்டியில் வைத்தார்.

அவர்களுடைய விளம்பரம் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் சுற்றியது. நீலமலைத் தொடரின் படம், கைகோத்து நிற்கும் ஒரு குடும்பம். கீழே சிறிய படங்களில் ஒன்று, எங்கள் கிராம சபை. நான் குனிந்து அக்காவின் பெருவிரலைப் பிடித்திருக்கிறேன். 'ஊர் மக்களின் முழு ஆதரவுடன்' என்று அடியில் எழுதியிருந்தது.

ஞாயிறுதோறும் காந்திபுரத்திலிருந்து வேனில் ஆட்களை இலவசமாக அழைத்து வந்தார்கள். பந்தலில் பிரியாணி. நான் ஒரு ஞாயிறு அங்கே போய் நின்றேன். வந்தவர்களோடு பேச வேண்டும் என்று நினைத்தேன். வாடகை வீட்டில் அல்லாடும் குடும்பம் ஒன்றையாவது பார்த்தால் என் மனம் ஆறும் என்று ஓர் எதிர்பார்ப்பும் இருந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று கேட்டார். நீங்கள் இங்கே வீடு கட்டப் போகிறீர்களா என்று கேட்டேன். "இங்க யாருங்க வந்து இருக்கறது? சும்மா வாங்கிப் போட்டா அஞ்சு வருசத்துல ஏறும்," என்று சொல்லி, பல்லிடுக்கில் மாட்டிய ஏலக்காயை நோண்டி எடுத்துக் கிளுவை வேலியில் துப்பினார். பக்கத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். யாருக்கும் அங்கே வாழும் எண்ணம் இல்லை. காலி மனைகளுக்குப் பாதை விடுவதற்காக ஒரு பள்ளம் மூடப்படப் போகிறது.

புரட்டாசியில் பொக்லைன் வந்து கிளுவை வேலியைப் பிடுங்கியது. செம்மண் கொட்டிப் பள்ளத்தை நிரவினார்கள். பெயருக்கு ஒரு சிமென்ட் குழாயைப் புதைத்தார்கள். ஐப்பசியில் ஒரு பிற்பகல் நல்ல மழை பிடித்தது. குழாய் முதல் கால்மணி நேரத்திலேயே மண்ணால் அடைத்துக்கொண்டது. மேட்டுக்காட்டுத் தண்ணீர் புதுச் சாலை மீதேறி, அந்தச் சரிவிலேயே வழுக்கிக்கொண்டு நேராகக் கீழ வளவுக்குப் போனது.

நான் போனபோது மழை விட்டிருந்தது. முதல் வீட்டில் முழங்கால் அளவுக்குச் செங்குழம்பு நின்றிருந்தது. பள்ளத்தில் கொட்டிய செம்மண்ணோடு பந்தல் குப்பையும் வந்திருந்தது. பிரியாணித் தட்டுகள், தண்ணீர்ப் புட்டிகள், விளம்பரக் கொடி ஒன்று. கழிப்பறைக் குழி பொங்கி அதுவும் கலந்திருந்தது. ரேஷன் அரிசி மூட்டை ஊறிக் கிடந்தது. அக்கா சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, குண்டாவால் மொண்டு மொண்டு வாசலுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றியது மறுபடி உள்ளே வந்தது.

நானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"செருப்பக் கழட்டிப்போட்டு வாங்க அம்மணி. ஓடு புதுசு," என்றார். ஓடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை. அவர் மட்டும் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்டேன். என்னென்னவோ சொன்னேன். தீர்மானம், நகல், மேல்முறையீடு.

அவர் குண்டாவை இடுப்பில் அணைத்துக்கொண்டார். "நீங்க எண்ணிக்கைக்குன்னு சொன்னீங்க. எண்ணிப்போட்டாங்க. அன்னைக்கு நான் எந்திரிச்சனுங்க. உங்க மொகத்தப் பாத்தேன். நீங்க உக்காந்துட்டீங்க, நானும் உக்காந்துட்டேன். எனக்கு நாலு வார்த்த பேசத் தெரியாதுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

 அந்தக் கேள்வியில் 'ங்க' இருந்தது. அவ்வளவு சேற்றிலும் அந்த மரியாதையை அவர் கைவிடவில்லை. எங்கள் ஊரின் அந்த இனிப்பான ஒலி அன்றைக்குத்தான் முதல் முறையாக என் காதில் கசந்தது. தலைவர் வாயில் அது ஒரு துண்டைப்போல என் தோளில் போர்த்தப்பட்டது. என் வாயில் அது ஒருவரைக் கூட்டி வந்து உட்காரவைத்தது. அக்கா ஒருவருக்குத்தான் அது வேறு வழியில்லாமல் சொல்ல வேண்டிய சொல்.

அடுத்த திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் நாளுக்குப் போனோம். இந்த முறை நான் யாரையும் அழைக்கவில்லை. அக்கா முடிவு செய்தார், வளவிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து கன்றுக்குட்டிக்காரர் ஒருவர் மட்டும் வந்தார். இந்த முறை அவருக்குச் சாக்கு எதுவும் தேவைப்படவில்லை. மனுவை அக்கா சொல்லச் சொல்ல அவருடைய மகள் எழுதினாள். 'நான் வைத்த கைநாட்டு வந்ததற்கு வைத்தது, ஒத்துக்கொண்டதற்கு வைத்தது அல்ல' என்பது அதன் முதல் வரி. அடியில் அக்கா தன் கோணலான எழுத்தில் கையெழுத்துப் போட்டார். அதிகாரி எழுந்திருக்காமலே, "என்னம்மா, மீட்டிங்ல சும்மா இருந்துட்டு இப்ப வந்து சொல்றீங்க?" என்று கேட்டார்.

"அன்னைக்கு நான் பேசாதது தப்புதானுங்க சார். அதுக்காக என்ற ஊட்டுக்குள்ள கக்கூசுத் தண்ணி வரோணுமுன்னு சட்டம் இருக்குதுங்களா?" என்றார் அக்கா. அதிகாரி மனுவை வாங்கி, பள்ளத்தை அளந்து பார்க்கும்படி அதன் ஓரத்தில் எழுதினார்.

நில அளவையர் வந்தார், சங்கிலி பிடித்தார். பள்ளம் வரைபடத்தில் இருந்தது. அதனால் மனைப்பிரிவின் அனுமதி ரத்தாகும் என்று நான் நம்பினேன். ரத்தாகவில்லை. சாலையின் ஓரமாகச் சிமென்ட் கால்வாய் கட்டிக்கொடுக்க நிறுவனத்துக்கு உத்தரவிட்டார்கள். பழைய பள்ளத்தில் மூன்றில் ஒரு பங்கு அகலம். அது கட்டி முடியும் முன் இன்னும் இரண்டு மழை வந்தது. மாடு பார்க்கும் வேலைக்கு இனி வர வேண்டாம் என்று பெரியப்பா அக்காவின் கணவரிடம் சொன்னார். கோபப்படாமல்தான் சொன்னாராம். காபி கொடுத்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்துவிட்டு, மெல்லச் சொன்னாராம்.

இது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மனைப்பிரிவில் ஒரு வீடுகூட எழவில்லை. மஞ்சள் அடித்த எல்லைக்கற்களுக்கு நடுவே பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கிறது.

அக்கா குடும்பத்தோடு அவிநாசிக்கு வாடகை வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய தொகுப்பு வீடு பூட்டிக் கிடக்கிறது. எங்கள் காட்டை அப்பா விற்க முனைந்தபோது என் பங்குக்கு நான் கையெழுத்துப் போட மறுத்தேன், அதிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. பெரியப்பா வீட்டு விசேஷங்களுக்கு நான் போவதில்லை. யாரையும் கூட்டத்துக்கு அழைப்பதுமில்லை. கிராம சபைக்கு மட்டும் தவறாமல் போகிறேன். மறுப்பு இருந்தால் அங்கேயே எழுந்து நின்று சொல்கிறேன், அது எழுதப்பட்டதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.